விரிப்பதா, இடிப்பதா, விட்டுப் போவதா? பழைய மைதானம் வைத்திருக்கும் கால்பந்து கிளப் முன் உள்ள வழிகள்

லிவர்பூல் நகரத்தில் இரண்டு பெரிய கால்பந்து கிளப்புகள் இருப்பதற்கு ஒரு வாடகைத் தகராறுதான் காரணம். 1884 முதல் ஆன்ஃபீல்டில் ஆடிவந்தது எவர்டன். நிலத்தைக் கையில் வைத்திருந்த ஜான் ஹூல்டிங் வாடகையை இரண்டு மடங்குக்கும் மேல் ஏற்றினார். சண்டை முற்றி, 1892இல் எவர்டன் மூட்டை கட்டிக்கொண்டு ஸ்டான்லி பூங்காவுக்கு மறுபுறம் போய்க் குடிசன் பார்க்கைக் கட்டியது. ஆடுவதற்கு ஆளில்லாத மைதானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஹூல்டிங் லிவர்பூல் என்ற பெயரில் புதிதாக ஒரு கிளப்பையே தொடங்கிவிட்டார்.

ஒரு நூற்றாண்டு கழித்து இரண்டு கிளப்புகளுக்கும் ஒரே சிக்கல் வந்தது: இடம் போதவில்லை, தூண்கள் மறைக்கின்றன, சுற்றிலும் நெருக்கமான தெருவீடுகள். லிவர்பூல் இருந்த இடத்திலேயே விரிந்தது. எவர்டன் 2025இல் ஆற்றங்கரைக்குக் குடிபெயர்ந்தது. இரண்டுக்கும் இடையே ஒரு பூங்காதான். ஆனாலும் முடிவு வேறாகப் போனது. கட்டடக்கலை இதில் இரண்டாம்பட்சம். கேலரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது, வேலை நடக்கும்போது அணி எங்கே ஆடும், மண் யார் பேரில் இருக்கிறது, இந்த மூன்றும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன.

மேலே ஓர் அடுக்கு போடுவது

இடம் போதவில்லை என்றால் மாடி எடுத்துவிடலாமே என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் வீட்டு மாடி போலக் கேலரியின் மாடி நேர் மேலே போவதில்லை. பின்னால் சாய்ந்துகொண்டே போகும். அதற்குக் காரணம் பார்வைக் கோடு.

பின்வரிசையில் இருப்பவர் பக்கவாட்டுக் கோட்டைப் பார்க்கும்போது அவருடைய பார்வை முன்வரிசைக்காரரின் கண்ணுக்கு எவ்வளவு மேலாகக் கடக்கிறது என்பதைச் சி-மதிப்பு என்பார்கள். 60 மில்லிமீட்டர் இருந்தால் சமாளிக்கலாம், 90 இருந்தால் வசதி, 120 என்றால் முன்னால் தொப்பி போட்டவர் இருந்தாலும் கவலையில்லை. இதற்குத் தேவையான படி உயரத்தை இப்படிக் கணக்கிடுகிறார்கள்: ஆடுகள மட்டத்திலிருந்து முன்வரிசைக்காரரின் கண் இருக்கும் உயரத்தோடு சி-மதிப்பைக் கூட்டி, அதை (தூரம் + வரிசையின் அகலம்) என்பதால் பெருக்கி, தூரத்தால் வகுத்து, கடைசியில் கண் உயரத்தைக் கழிக்க வேண்டும்.

எண்களைப் போட்டுப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று விளங்கும். பக்கவாட்டுக் கோட்டிலிருந்து 45 மீட்டர் தள்ளி, 25 மீட்டர் உயரத்தில் மேலடுக்கு தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வரிசை அகலம் 80 சென்டிமீட்டர், சி-மதிப்பு 90 மில்லிமீட்டர். படி உயரம் சுமார் 54 சென்டிமீட்டர் வரும், சரிவு ஏறக்குறைய 34 பாகை. பிரிட்டனின் பாதுகாப்பு வழிகாட்டி நூல் ஏற்றுக்கொள்ளும் உச்சம் அதுதான். அதே தூரத்தில் உயரத்தை மட்டும் 30 மீட்டராக்கினால் சரிவு 38 பாகைக்குப் போய்விடும், அனுமதி கிடைக்காது. 30 மீட்டர் உயரமும் வேண்டும், 34 பாகையையும் தாண்டக்கூடாது என்றால் அடுக்கைச் சுமார் 9 மீட்டர் பின்னுக்குத் தள்ள வேண்டும். ஐந்து மீட்டர் மேலே ஏற ஒன்பது மீட்டர் பின்னால் நிலம் வேண்டும். அந்த ஒன்பது மீட்டரில் தெருவோ ரயில் பாதையோ இருந்தால் கதை அங்கேயே முடிந்தது.

மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டில் மற்ற மூன்று பக்கங்களும் உயர்ந்து நிற்க, தெற்குக் கேலரி மட்டும் ஒற்றை அடுக்காகக் குனிந்திருப்பது இதனால்தான். அதன் முதுகை ஒட்டி ரயில் பாதை ஓடுகிறது. குடிசனில் ஒரு மூலையில் தேவாலயமே நின்றது. மற்ற பக்கங்களில் வீடுகள்.

ஆன்ஃபீல்டின் பிரதான கேலரிக்குப் பின்னாலும் வீடுகள்தான். லிவர்பூல் அவற்றை ஒவ்வொன்றாக வாங்கியது. வாங்கிய வீடுகள் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து தெருவே சீரழிந்தது. அக்கம்பக்கத்தாரின் கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. விரிவாக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் கிளப் இதையும் செலவாகவே எழுதிக்கொள்ள வேண்டும். இன்னொரு சட்டச் சிக்கலும் உண்டு. இங்கிலாந்தில் 20 ஆண்டுகள் தடையின்றி வெளிச்சம் பெற்ற சன்னலுக்கு அந்த வெளிச்சத்தின் மேல் உரிமை வந்துவிடும். உயரமான கேலரி அதை மறைத்தால் இழப்பீடு கேட்கலாம், சில சமயம் வேலையையே நிறுத்தலாம்.

இத்தனைக்கும் பிறகு, நிலம் கைக்கு வந்துவிட்டால், விரிவாக்கம்தான் நான்கு வழிகளிலும் ஆபத்து குறைந்தது. ஆன்ஃபீல்டில் பழைய கேலரியில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அதற்குப் பின்னாலும் மேலாகவும் புதிய எஃகுச் சட்டகத்தை எழுப்பினார்கள். பழைய கூரையைக் கழற்றி இரண்டையும் இணைக்கும் வேலை மட்டும் 2016 கோடை விடுமுறைக்கு வைக்கப்பட்டது. அந்த சீசனின் முதல் மூன்று லீக் ஆட்டங்களையும் லிவர்பூல் வெளியூரில் ஆடியது, அவ்வளவுதான் இழப்பு. சுமார் 8,500 இருக்கைகள் கூடுதலாகக் கிடைத்தன. அடுத்து ஆன்ஃபீல்ட் ரோடு பக்கம் 7,000 இருக்கைகள். 2023 கோடையில் வேலை முக்கால்வாசி முடிந்திருந்த நேரத்தில் ஒப்பந்த நிறுவனம் நிதி நெருக்கடியில் மூழ்கியது. வேறொரு நிறுவனம் வந்து 2024இல் முடித்துக் கொடுத்தது. இந்த இடத்தில்தான் விரிவாக்கத்தின் பலம் தெரிகிறது. மேலடுக்கு மூடிக் கிடந்தாலும் மீதி மைதானத்தில் ஆட்டமும் வருமானமும் ஓடிக்கொண்டே இருந்தன. முழுப் புதிய மைதானம் கட்டும்போது இப்படி நடந்திருந்தால் அணி தெருவில் நின்றிருக்கும்.

விரிவாக்கத்தில் பலர் கவனிக்காமல் விடும் பலி, புல். இத்தாலியில் மிலான் நகரின் சான் சிரோவில் 1990 உலகக் கோப்பைக்காக மூன்றாம் அடுக்கும் கூரையும் வந்தபின் ஆடுகளத்துக்கு வெயிலும் காற்றும் குறைந்து, புல்தரை ஆண்டுக்கணக்கில் தகராறு செய்தது. மேலே ஓர் அடுக்கு எழுப்பும் கிளப், சக்கரம் வைத்த புல் வளர்ப்பு விளக்குகளுக்கும் அவற்றின் மின்கட்டணத்துக்கும் முதல் நாளே பணம் ஒதுக்க வேண்டும்.

வெளியேறும் வழிகளும் அதேபோல. படி இல்லாத சமதளத்தில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்கு 82 பேர், படிக்கட்டில் 66 பேர் என்பது பிரிட்டனில் கணக்கு. எட்டு நிமிடத்துக்குள் எல்லோரும் நெரிசல் இடத்தைத் தாண்டியாக வேண்டும். 60,000 பேர் படியிறங்கிப் போவதென்றால் எல்லா வழிகளையும் சேர்த்து ஏறத்தாழ 114 மீட்டர் அகலம் வேண்டும். இருக்கை போட இடமிருந்தும் வெளியேற வழியில்லாததால் பாதுகாப்புச் சான்றிதழில் எண்ணிக்கை வெட்டப்படும் மைதானங்கள் உண்டு.

இடித்துவிட்டு அங்கேயே கட்டுவது

இடம் மாறாது, ரசிகர்களின் பழக்கம் மாறாது, மைதானமோ முழுக்கப் புதிது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இடைப்பட்ட காலத்தை எங்கே ஆடிக் கழிப்பது?

லண்டனின் டாட்டன்ஹாம் கிளப் இதை முடிந்தவரை சாமர்த்தியமாகச் செய்தது. தன் பழைய மைதானமான ஒயிட் ஹார்ட் லேனை ஒட்டி வடக்கே இருந்த நிலத்தில் புதிய மைதானத்தின் ஒரு பகுதியை முதலில் எழுப்பி, 2016 கோடையில் பழையதன் ஒரு மூலையை மட்டும் வெட்டியெடுத்து, கொள்ளளவைச் சுமார் 32,000 ஆகக் குறைத்துக்கொண்டு இன்னொரு சீசன் ஆடியது. அந்தக் கடைசி சீசனில் சொந்த மண்ணில் ஒரு லீக் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. பிறகு இங்கிலாந்தின் தேசிய மைதானமான வெம்ப்லிக்குப் போனது. ஒரு சீசன் என்பதுதான் திட்டம். 2018 இலையுதிர் காலத்தில் திறக்க வேண்டிய மைதானம், பாதுகாப்புக் கருவிகளில் வந்த கோளாறால் 2019 ஏப்ரல் 3 அன்றுதான் திறந்தது. சுவரும் கூரையும் எழும்பி நின்றாலும் தீ எச்சரிக்கை அமைப்பு ஒழுங்காக வேலை செய்யாவிட்டால் சான்றிதழ் வராது. சோதனை ஆட்டங்கள் நடத்திக் காட்ட வேண்டும். எவர்டனும் 2025இல் முதலில் 10,000 பேர், அடுத்து 25,000 பேர் என்று படிப்படியாகத்தான் கூட்டத்தை உள்ளே விட்டது. கால அட்டவணையில் இந்தச் சோதனைகளுக்கு இரண்டு மாதமாவது தனியாக ஒதுக்குவது நல்லது.

பார்சிலோனா இன்னும் அதிகம் தவித்தது. 2023இல் மோன்ஜுயிக் ஒலிம்பிக் மைதானத்துக்குப் போனபோது, 2024 நவம்பரில் சொந்த மைதானமான கேம்ப் நோவுக்குத் திரும்பிவிடுவோம் என்றார்கள். திரும்பியது 2025 நவம்பரில், அதுவும் பாதிக் கொள்ளளவோடு.

இந்த வகையில் நெஞ்சைத் தொடும் தீர்வு ஸ்பெயினின் பில்பாவோவில் கிடைத்தது. பழைய சான் மமேஸுக்கு அருகிலேயே, அதன்மேல் ஓரளவு படியும்படி புதியதை வரைந்தார்கள். மூன்று பக்கங்களைக் கட்டினார்கள். 2013 கோடையில் பழையதை இடித்தார்கள். செப்டம்பரில் மூன்று பக்கங்களோடு திறந்தார்கள். நான்காவது பக்கம் அடுத்த ஆண்டு சேர்ந்தது. ஒரே ஒரு லீக் ஆட்டத்தை மட்டும் பக்கத்து ஊரான சான் செபாஸ்டியனில் ஆடிவிட்டு 1913இன் மைதானம் புதிதானது. இதற்கு வேண்டியது பழைய மைதானத்தின் தோளில் ஒரு காலி மனை. அது இருக்கிறதா என்று பார்க்காமல் இடிப்பதைப் பற்றிப் பேசவே கூடாது.

சில சமயம் இடிக்கச் சட்டமே விடாது. ஆர்சனலின் பழைய மைதானமான ஹைபரியின் கிழக்குக் கேலரி, ஃபுல்ஹாமின் கிரேவன் காட்டேஜில் 1905இல் எழுந்த கேலரி, இரண்டும் பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள். அழகுதான். அந்த அழகுக்குள் தூணையும் குறுகிய வரிசையையும் சகித்துக்கொண்டு வாழ வேண்டியதுதான்.

புதிய மனை, சொந்தப் பணம்

ஆர்சனலின் ஹைபரியில் 38,000 பேர்தான் அமர முடியும். கிழக்கே கைவைக்க முடியாது, மற்ற பக்கங்களில் வீடுகள். 1998 முதல் இரண்டு சீசன்கள் சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்களை வெம்ப்லியில் ஆடிப் பார்த்தார்கள். முடிவுகள் மோசம், கூட்டமோ 70,000ஐத் தாண்டியது. இடம் இருந்தால் ஆள் வருவார்களா என்ற கேள்விக்கு இதைவிட மலிவான ஆய்வு இல்லை.

சுமார் 500 மீட்டர் தள்ளி ஆஷ்பர்ட்டன் குரோவில் இடம் கிடைத்தது. அங்கே இருந்த குப்பைக் கிடங்குக்கு முதலில் வேறிடம் கட்டித்தர வேண்டியிருந்தது. மைதானம் 39 கோடி பவுண்டுக்கு எழும்பி 2006இல் திறந்தது. ஆட்ட நாள் வருமானம் ஒரே ஆண்டில் 4.4 கோடி பவுண்டிலிருந்து 9 கோடிக்கு ஏறியது. கூடுதல் இருக்கைகள் மட்டும் இதைச் செய்யவில்லை. நடு அடுக்கில் சாப்பாட்டோடு விற்கப்படும் 7,000 இருக்கைகளும் 150 பெட்டி அறைகளும்தான் பெரும்பங்கு கொடுத்தன. புதிய மைதானத்தின் உண்மையான நியாயம் இதுவே. பழைய கேலரிக்குள் சமையலறையையும் மின்தூக்கியையும் நுழைக்க முடியாது.

விலையும் கொடுத்தார்கள். 2004இல் அவசரத்துக்குப் பணம் வேண்டி மைதானத்தின் பெயரையும் சட்டை விளம்பரத்தையும் சேர்த்து எமிரேட்ஸ் நிறுவனத்துக்கு 10 கோடி பவுண்டுக்கு விற்றார்கள். கால்பந்து விளம்பர விலைகள் எகிறிய ஆண்டுகளில் அந்த நீண்ட ஒப்பந்தம் கையைக் கட்டிப்போட்டது. 2005க்கும் 2014க்கும் இடையே பெரிய கோப்பை ஒன்றும் இல்லை. காரணம் மைதானக் கடன் மட்டும்தான் என்று சொல்வது மிகை, ஆனால் பெரிய ஆட்டக்காரர்களை விற்றே ஆக வேண்டிய நெருக்கடி அந்தக் கடனிலிருந்தும் வந்தது. ஹைபரி நிலத்தில் அடுக்ககம் கட்டி விற்று ஈடுகட்டும் கணக்கு 2008 வீட்டுச் சந்தைச் சரிவில் தள்ளாடி, 2010இல்தான் அந்தக் கடன் தீர்ந்தது.

கடன் அமைப்பில் பின்பற்றத் தக்க முறை ஒன்று இருக்கிறது. கட்டும்போது குறுகிய கால வங்கிக் கடன், திறந்து வருமானம் கண்ணுக்குத் தெரிந்தபின் நீண்ட காலப் பத்திரம். ஆர்சனல் 2006இல் 26 கோடியையும், டாட்டன்ஹாம் 2019இல் 52.5 கோடியையும் இப்படி மாற்றின. டாட்டன்ஹாமின் பத்திரங்களுக்குச் சராசரி 23 ஆண்டு தவணை.

எவர்டன் இந்த வழியில் வந்துசேர முப்பது ஆண்டுகள் ஆயின. கிங்ஸ் டாக் திட்டம் 2003இல் பணமில்லாமல் விழுந்தது. ஊருக்கு வெளியே கர்க்பி திட்டத்தை 2009இல் அரசு நிராகரித்தது. மூன்றாவதாகக் கிடைத்த பிராம்லி-மூர் கப்பல் துறையில் தண்ணீரையே தூர்க்க வேண்டியிருந்தது. ஐரிஷ் கடலிலிருந்து ஏறக்குறைய ஐந்து லட்சம் கனமீட்டர் மணல் வந்தது. வேலை தொடங்கும் சமயத்தில், 2021இல், யுனெஸ்கோ லிவர்பூலை உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இந்த மைதானமும் ஒன்று. 2022இல் உக்ரைன் போர் வெடித்ததும் ரஷ்யத் தொடர்புடைய விளம்பர நிறுவனத்தோடு உறவை முறிக்க நேர்ந்தது. பெயர் உரிமைப் பணமும் அதோடு போனது. நிதி விதிமீறலுக்காகப் புள்ளிகள் வெட்டப்பட்ட விசாரணையில், மைதானக் கடனின் வட்டியை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதே முக்கிய வாதங்களில் ஒன்று. அணி கீழ்நிலை லீக்குக்கு இறங்காமல் தப்பியதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு.

கட்டி முடித்த 52,000 இருக்கை மைதானம் அருமையானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அருகிலுள்ள ரயில் நிலையம் கால் மணி நேர நடை தூரத்தில் இருக்கும் சிறிய நிலையம். ஆட்டம் முடிந்து வரிசையில் நிற்பது புதிய சடங்காகிவிட்டது. குடிசனிலிருந்து ஆட்கள் பத்துத் தெருவழியாகப் பிரிந்து கலைவார்கள், ஆற்றங்கரையில் ஒரு பக்கம் தண்ணீர். புதிய மனை பார்க்கும்போது எத்தனை திசையில் கூட்டம் கலைய முடியும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வாடகைக்குப் போவது

முதலில் மலிவாகத் தெரிவது இதுதான். வெஸ்ட் ஹாம் 2016இல் 35,000 பேர் அமரும் போலின் மைதானத்தை விற்றுவிட்டு லண்டன் ஒலிம்பிக் மைதானத்துக்குப் போனது. 99 ஆண்டு குத்தகை, தொடக்கத்தில் ஆண்டுக்கு 25 லட்சம் பவுண்டு. மாற்றியமைக்க 30 கோடிக்கும் மேல் செலவானது, கிளப் தந்தது 1.5 கோடி. கணக்குப் பிள்ளைக்கு இதைவிட இனிப்பான ஒப்பந்தம் கிடைக்காது. ரசிகருக்கு? ஓடுதடத்துக்காக வளைந்த கிண்ணம் அது. செவ்வகமான 105க்கு 68 மீட்டர் ஆடுகளம் அதன் நடுவில் தீவாகக் கிடக்கிறது. கோலுக்குப் பின்னால் இருக்கைகளை முன்னால் நகர்த்தினாலும் இடைவெளி தீரவில்லை. அப்படி நகர்த்துவதற்கே ஆண்டுக்கு 3 லட்சம் ஆகும் என்று போட்ட மதிப்பீடு 80 லட்சம் பவுண்டில் போய் நின்றது.

அதேபோன்ற ஒரு தடகள மைதானத்தை மான்செஸ்டர் சிட்டி குத்தகைக்கு எடுத்துக்கொண்ட விதம் வேறு. 2002 காமன்வெல்த் போட்டிக்குக் கட்டும்போதே கால்பந்துக்கு மாற்றும் வரைபடம் தயாராக இருந்தது. போட்டி முடிந்ததும் தடத்தைப் பெயர்த்து, தரையைத் தோண்டித் தாழ்த்தி, கீழே இன்னொரு அடுக்கு சேர்த்தார்கள். 38,000 ஆக இருந்தது 48,000 ஆனது, முன்வரிசை ஆடுகளத்தை ஒட்டி வந்தது. தொடக்கத்தில் போட்ட வாடகையும் புத்திசாலித்தனமாக இருந்தது: நிலையான தொகைக்குப் பதில், 35,000க்கு மேல் வரும் கூட்டத்தின் டிக்கெட் பணத்தில் பாதி மாநகராட்சிக்கு. கூட்டம் குறைந்தால் வாடகையும் குறையும் ஏற்பாடு அது.

அந்த ஒரு வரி இல்லாததால் சிதைந்தது கவன்ட்ரி. 1899 முதல் இருந்த ஹைஃபீல்டு ரோட்டை 2005இல் விட்டு, புதிய மைதானத்தில் வாடகைக்கு உட்கார்ந்தது. ஆண்டுக்கு 12 லட்சம் பவுண்டு. மூன்றாம் நிலைக்கு இறங்கியபோதும் அதே தொகை. 2012இல் வாடகை தருவதை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு அணி நார்தாம்ப்டனில் போய் ஆடியது. 2014இல் திரும்பி வந்த சில வாரங்களிலேயே மைதானம் ஒரு ரக்பி கிளப்பின் கைக்குப் போனது. 2019இலிருந்து இரண்டு சீசன் பர்மிங்காமில். 2025 ஆகஸ்டில்தான் மைதானம் கிளப்பின் சொத்தானது. குத்தகைப் பத்திரத்தில் தேட வேண்டிய முதல் வரி: அணி கீழ்நிலைக்கு இறங்கினால் வாடகை எவ்வளவு இறங்கும்? இரண்டாவது: உரிமையாளர் விற்றால் முதலில் நம்மிடம் கேட்க வேண்டும் என்று எழுதியிருக்கிறதா?

பிரைட்டன் செய்ததை எந்த நிலையிலும் செய்யக்கூடாது. புதிய இடம் உறுதியாகும் முன்பே கோல்ட்ஸ்டோன் மைதானம் விற்கப்பட்டது. 1997இல் வெளியேறி, இரண்டு ஆண்டு கில்லிங்ஹாமில், பிறகு பன்னிரண்டு ஆண்டு ஒரு தடகளத் திடலில் ஆடி, 2011இல்தான் வீடு சேர்ந்தது. இதற்கு எதிர்முனையில் செல்சி ரசிகர்கள். ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜின் மண்ணும் கிளப்பின் பெயரும் ரசிகர் பங்குதாரர்களின் நிறுவனத்திடம் இருக்கின்றன. 2011இல் கிளப் திரும்பக் கேட்டபோது தேவையான 75 சதவீத வாக்கு கிடைக்கவில்லை. இடம் மாறுவதென்றால் அவர்களைக் கேட்டுத்தான் மாற வேண்டும்.

எவ்வளவு பெரிது?

பெரியதே நல்லது என்று நினைப்பவர்களுக்கு டூரின் நகரம் பதில் வைத்திருக்கிறது. 1990இல் கட்டிய தெல்லே ஆல்ப்பி மைதானத்தில் சுமார் 69,000 இருக்கைகள், ஓடுதடம் வேறு. யுவென்டஸின் ஒரு கோப்பை ஆட்டத்துக்கு அங்கே வந்தவர்கள் 237 பேர். அதை இடித்து, அதே மனையில் 41,000 பேருக்கு மட்டும் இடமுள்ள மைதானத்தை 2011இல் திறந்தார்கள். தொலைவிலிருக்கும் மூலைக்கும் பார்வையாளருக்கும் இடையே 150 மீட்டருக்குள் தூரம் இருந்தால் பந்து தெரியும். 190ஐத் தாண்டினால் திரையைத்தான் பார்ப்பார்கள்.

நடுத்தரக் கிளப்புக்கு எங்கள் தீர்ப்பு: பின்னால் ஒன்பது பத்து மீட்டர் நிலம் கிடைக்குமானால் விரிவாக்கம். தோளில் காலி மனை இருந்தால் பில்பாவோ முறை. இரண்டும் இல்லை, ஆனால் ஐந்து ஆண்டாக டிக்கெட்டுக்குக் காத்திருப்போர் பட்டியல் சுருங்கவே இல்லை என்றால் புதிய மனை. வாடகை, மைதானம் முதலிலிருந்தே கால்பந்துக்கு வரையப்பட்டிருந்தால் மட்டும்.

விட்டுப் போகிறவர்கள் பழைய மண்ணுக்கும் திட்டம் வைத்திருக்க வேண்டும். ஹைபரியின் ஆடுகளம் இன்று அடுக்ககத்துக்கு நடுவே தோட்டம். குடிசனின் ஆடுகளத்தைச் சுற்றி 800க்கும் மேற்பட்ட ரசிகர்களின் அஸ்தி புதைக்கப்பட்டிருக்கிறது. இடமில்லாமல் 2004இல் அந்த வழக்கத்தையே நிறுத்தினார்கள். இடிப்பதாக இருந்த திட்டம் 2025 மே மாதம் மாறியது. இப்போது எவர்டனின் மகளிர் அணி அங்கே ஆடுகிறது.